கஞ்சிக்கு முன்னால் ஓர் இடியம்

மழை கொட்டுகிறது என்பதற்கு இங்கிலீஷ்காரர்கள் பூனையையும் நாயையும் எதற்காக இழுக்கிறார்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. தெரிந்துகொள்ள விருப்பமும் இல்லை. பத்து வயதில் அந்தப் பூனைக்காகவும் நாய்க்காகவும் ஆறிப்போன கஞ்சியைக் குடித்தவள் நான். யாராவது பெரிய படிப்பாளி பேச்சுக்கு நடுவில் ஒரு இங்கிலீஷ் மரபுத்தொடரை, அதாவது இடியத்தை, எடுத்துவிட்டால் எனக்கு இப்போதும் பற்றிக்கொண்டு வரும். அந்தக் கோபம் தணியவே இல்லை. அன்றைக்கு யார்மேல் கோபப்பட்டேனோ அவர்மேல் இப்போது இல்லை என்பது மட்டும்தான் வித்தியாசம்.

எங்கள் வீடு புதுக்கடைக்கு மேற்கே, சபைக் கோயிலுக்குப் பின்னால் இருந்தது. அப்பா மலைமேல் தேயிலைத் தோட்டத்தில் வேலையாக இருந்தார். கிறிஸ்துமஸுக்கு வருவார், போவார். வீட்டில் அம்மா, நான், அம்மாவின் தம்பியான மாமா. மாமா கோயிலை ஒட்டியிருந்த பள்ளிக்கூடத்தில் கீழ்வகுப்பு வாத்தியார். பெரிய பரீட்சையில் எல்லாப் பாடத்திலும் தேறி இங்கிலீஷில் மட்டும் தோற்றவர். விடாமல் மறுபடியும் எழுதினார். மறுபடியும் இங்கிலீஷ் கைவிட்டது. இடியம் தெரியாததால்தான் தோற்றோம் என்று தாமாகவே ஒரு முடிவுக்கு வந்து, திருவனந்தபுரத்துக்குப் போய் ஒரு புத்தகம் வாங்கிவந்தார். அதில் இடப்பக்கம் இடியம், வலப்பக்கம் அர்த்தம். அவர் பரீட்சை எழுதும் வயதெல்லாம் அதற்குள் தாண்டிவிட்டது. வாங்கிய புத்தகம் வீணாகக் கூடாது அல்லவா? வீட்டில் படிக்கிற வயதில் இருந்தது நான் ஒருத்திதான்.

எங்கள் பக்கத்துச் சபைக் குடும்பங்களில் காலை ஜெபம் முடிந்ததும் பிள்ளைகள் வேதத்திலிருந்து ஒரு வசனத்தைப் பார்க்காமல் சொல்ல வேண்டும். சொல்லாத பிள்ளைக்குக் கஞ்சி கிடையாது. இதை யாரும் கொடுமையாக நினைத்ததில்லை, நாங்களும் நினைத்ததில்லை. சின்ன வசனமாகப் பார்த்துப் பொறுக்கி வைத்துக்கொள்வோம். மாமா இந்த ஏற்பாட்டில் ஒரு திருத்தம் கொண்டுவந்தார். வசனத்துக்குப் பின் ஓர் இடியம், அர்த்தத்தோடு. அர்த்தத்தில் ஒரு சொல் பிசகினாலும் வசனத்தையும் சேர்த்து முதலிலிருந்து சொல்ல வேண்டும். இடியங்களில் சின்னது பெரியது என்று பொறுக்கவும் வழியில்லை. பக்கம் பக்கமாக வரிசைப்படி வரும்.

இதற்கெல்லாம் ஒரு காரணம் இருந்தது. நாகர்கோவில் மிஷனிலிருந்து வெள்ளைக்காரத் துரைசாணியம்மா வருஷத்துக்கு ஒருமுறை எங்கள் சபைக்கு வருவார். வரும்போது ஒரு பெண்பிள்ளையைத் தேர்ந்தெடுத்து போர்டிங் பள்ளிக்கூடத்தில் சேர்த்துக்கொள்வார். சோறு, துணி, படிப்பு எல்லாம் அவர்கள் பொறுப்பு. அப்படிப் படித்து வாத்திச்சி ஆன ஒருத்தி எங்கள் ஊரில் இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குத் தன் சொந்தக் குடையைப் பிடித்துக்கொண்டு வருவாள். வந்ததும் மடக்கி, கோயில் வாசலில் ஆண்களின் குடைகளுக்குப் பக்கத்தில் சாத்தி வைப்பாள். எனக்கு அந்தக் குடை வேண்டும். அது கிடைக்க வேண்டுமென்றால் போர்டிங்கில் இடம் கிடைக்க வேண்டும். இடம் கிடைக்காத பெண்பிள்ளை என்ன ஆவாள் என்று பார்க்க அதிக தூரம் போகவேண்டியதில்லை, எங்கள் வீட்டிலேயே அம்மா ரேந்தை பின்னிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

ரேந்தை என்றால் சட்டைக் கழுத்திலும் மேசை விரிப்பின் ஓரத்திலும் வைத்துத் தைக்கிற நூல் சித்திரம். ஒரு குண்டுத் தலையணையை மடியில் வைத்து, அதில் குண்டூசிகளை நெருக்கமாகக் குத்தி, நூல் சுற்றிய குச்சிகளை ஊசிகளுக்கு ஊடே மாற்றி மாற்றிப் போட்டுப் பின்னுவார்கள். எங்கள் ஊரில் அநேகமாக எல்லா வீட்டிலும் பெண்கள் பின்னினார்கள். ஊர் ஊராகப் போய் வேதம் வாசித்துக் காட்டும் ஒரு அம்மா, நாங்கள் பைபிளம்மா என்போம், அவர்தான் நூலைக் கொடுத்து ரேந்தையை வாங்கிப்போவார். அது கப்பலேறிச் சீமைக்குப் போகும். அம்மா பின்னியது ஓர் அங்குலம்கூட எங்கள் வீட்டில் தங்கியதில்லை.

துரைசாணியம்மாவுக்கு ரேந்தை என்றால் உயிர் என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். அதனால் ஊரிலுள்ள அம்மாமார் எல்லோரும் தங்கள் பெண்பிள்ளைகளுக்கு ஆறு ஏழு வயதிலேயே பின்னக் கற்றுக்கொடுத்துவிடுவார்கள். நன்றாகப் பின்னுகிறவளுக்கே போர்டிங்கில் இடம் என்று அவர்கள் நம்பினார்கள். மாமா ஒருவர்தான், இங்கிலீஷ் பேசுகிறவளுக்கே இடம் என்று நம்பினார். எனக்கு இரண்டும் தெரிந்திருந்தால் நல்லது என்று பட்டது. இதிலென்ன தப்பு?

"அம்மா, எனக்கும் ஒரு தலகாணி தா. உபதேசியாருக்க மவ பூ போட்டுப் பின்னுதா."

"அவ பின்னட்டு. நீ போய் மாமன் சொல்லித் தந்ததப் படி."

"எல்லாப் பிள்ளியளுக்கும் அவுக அம்ம சொல்லிக் குடுக்காவ."

"குடுக்கட்டு. ஏட்டி, கைய எடு. அந்தக் குச்சியத் தொட்டா அடி வாங்குவ."

சொன்னபடி அடித்தாள். ஒருநாள் அவள் கிணற்றடிக்குப் போன நேரம் பார்த்துத் தலையணையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டேன். திரும்பி வந்தவள் விசிறிக் காம்பால் என் விரல்கள்மேல் போட்டாள். மற்றபடி என்னை அடிக்காதவள் அவள். சபையிலேயே ரேந்தைக்குப் பேர்போன கை எங்கள் அம்மாவின் கை. அவள் பெற்ற ஒரே பெண்ணுக்கு அது ஒரு நூல்கூடக் கற்றுத்தரவில்லை. இதைவிட அநியாயம் உண்டா? பின்னத்தான் கூடாது, எடுபிடி வேலைக்கு மட்டும் நான் வேண்டும். தரையில் விழுந்த குண்டூசியைப் பொறுக்கித் தரவேண்டும். கிழிந்த துணி தைக்கும்போது ஊசியில் நூலைக் கோத்துத் தரவேண்டும். தன் கைக்கு எட்டும் தூரத்தில் கிடக்கிற ஊசியைக்கூட, "எங்க கிடக்கு, எடுத்துத் தாட்டி" என்பாள். சோம்பல் என்று நினைத்து எரிச்சலோடு எடுத்துக்கொடுப்பேன்.

எங்கள்மேல் அவளுக்கு அசட்டை என்பதற்கு வேறு சாட்சிகளும் இருந்தன. இடியம் சொல்லிப் போராடி வாங்கின கஞ்சியில் கல் கிடக்கும்.

"அக்கா, அரிசியில கல்லு பொறுக்கினியா இல்லியா?" என்று மாமா கேட்பார்.

"பொறுக்கினேம்ல. ஒண்ணு ரெண்டு கிடக்கத்தான் செய்யும். பைய மென்னு தின்னு."

பைபிளம்மாகூட அந்த வருஷம் ஒன்றிரண்டு முறை அம்மாவின் ரேந்தையைத் திருப்பிக் கொடுத்தார். "கவனமா செய்யணும் பாத்துக்க" என்றார். அம்மா தலையை ஆட்டி வாங்கிக்கொண்டாள். எனக்கு அதில் கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது.

இடியங்கள் வந்துகொண்டே இருந்தன. நியூகாசிலுக்கு நிலக்கரி கொண்டுபோவது. நியூகாசில் எது, நிலக்கரி எது என்று நானும் கேட்கவில்லை, மாமாவும் அறிந்தவரில்லை. "நெல்லு வெளையுத நம்ம நாஞ்சில்நாட்டுக்கு வேற ஊர்லேருந்து நெல்லு கொண்டு போறது, கேட்டியா மக்கா" என்று விளக்கினார். வாளியை உதைப்பது என்று ஒன்று வந்தது. அர்த்தம், இறந்துபோவது. நான் சத்தமாகச் சொல்லிவிட்டுக் கஞ்சிக்குக் கை நீட்டினேன். அம்மா கலயத்தைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். "ஏலே, கஞ்சி குடிக்கிற நேரத்துல சாவு பேச விடாத. பிள்ளைக்கு வேற ஒண்ணு சொல்லிக் குடு" என்றாள். வாளியை உதைத்ததற்கு ஈடாக இன்னொன்றைப் படித்துச் சொன்ன பிறகே கஞ்சி வந்தது. அதற்குள் அதன்மேல் ஆடை படிந்துவிட்டது.

நடுராத்திரி எண்ணெயை எரிப்பது என்று ஒரு நாள் வந்தது. அர்த்தம், கண்விழித்துப் படிப்பது.

"கண்ணு முழிச்சு ரேந்தை பின்னினாலும் அப்பிடிச் சொல்லலாமா மாமா?" என்று கேட்டேன்.

"சொல்லப்பிடாது மக்கா. படிச்சாத்தான் அது இடியம்."

எனக்கு அந்தப் பதில் திருப்தியாக இருந்தது. எங்கள் வீட்டில் எண்ணெயை எரித்துக்கொண்டிருந்தவள் அம்மா மட்டும்தான். அவளும் அங்கேதான் உட்கார்ந்திருந்தாள்.

துரைசாணியம்மா வைகாசியை ஒட்டிய இடவ மாதத்தில் வந்தார். மாமாவின் சந்தோஷத்துக்கு அளவில்லை. விடிந்ததிலிருந்து மழை கொட்டிக்கொண்டிருந்தது. இப்படி ஒரு இடியத்துக்கு இப்படி ஒரு மழை யாருக்குக் கிடைக்கும்? வண்டியைவிட்டு அவர் இறங்கியதும் சொல்லிவிட வேண்டும் என்று என்னைத் தயார்செய்து, கோயில் வராந்தாவுக்கு வெளியே தாம் நனைந்துகொண்டு நின்றார். கோயில் வராந்தாவில் பெண்பிள்ளைகள் வெள்ளைத் துணி உடுத்து வரிசையாக நின்றோம். ஒவ்வொருத்தி கையிலும் அவள் பின்னிய ரேந்தை, கசங்காமல் காகிதத்தில் சுற்றி இருந்தது. என் கையில் ஒன்றும் இல்லை. அம்மாமார் சுவரோரம் நின்றார்கள்.

துரைசாணியம்மா குடைபிடித்து வந்தார். நான் வரிசையைவிட்டு ஓரடி முன்னால் வந்து, "இட் இஸ் ரெயினிங் கேட்ஸ் அண்ட் டாக்ஸ், மேடம்" என்று ஒரு எழுத்துப் பிசகாமல் சொன்னேன்.

அவர் குடையை மடக்கினார். என்னைப் பார்த்துச் சிரித்தார். "ஆம் மகளே, கர்த்தர் நல்ல மழையைத் தந்திருக்கிறார். தூவானத்தில் நில்லாதே, உள்ளே வா" என்றார்.

தமிழில் சொன்னார். அதுவும் எங்கள் ஊர்த் தமிழ் இல்லை, வேதத்தில் இருக்கிற தமிழ். எனக்கு வந்த ஆத்திரத்தை எப்படிச் சொல்ல? ஒரு வருஷம் முழுவதும் நான் வயிற்றைக் காயப்போட்டுப் படித்த பாஷை அவருடைய பாஷை. அதில் நான் பேசுகிறேன், அவர் தமிழில் பதில் சொல்கிறார். வராந்தாவுக்கு வெளியே மாமா தொண்டையைச் செருமினார். நான் விடவில்லை. நியூகாசிலையும் நிலக்கரியையும் அர்த்தத்தோடு சொன்னேன். "நல்லது, நல்லது" என்று என் தலையைத் தடவிவிட்டு அவர் அடுத்த பிள்ளையிடம் போய்விட்டார். அன்று மாலை திரும்பிப் போகும்வரை அந்த அம்மாள் ஓர் இடியம்கூடப் பேசவில்லை. இங்கிலீஷ்காரர்களே பேசாததை எங்களை எதற்குப் படிக்கச் சொன்னார்கள்?

அடுத்த பிள்ளை எங்கள் சபை உபதேசியார் மகள். அவள் காகிதத்தைப் பிரித்தாள். துரைசாணியம்மா அவளுடைய ரேந்தையை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். பூவும் இலையும் அப்படியே எழுதிவைத்ததுபோல் இருந்தன. இவளுக்குத்தான் இடம் என்று எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம்.

"மிகவும் நேர்த்தி" என்றார் துரைசாணியம்மா. "உனக்குக் கைத்தொழில் இருக்கிறது மகளே. நீ பிழைத்துக்கொள்வாய்." பிறகு பைபிளம்மாவிடம் திரும்பி, அவளுக்குப் புதுத் தலையணையும் நூலும் கொடுக்கச் சொன்னார்.

அவ்வளவுதான். அடுத்தவளும் ரேந்தையைக் காட்டினாள். உனக்குக் கைத்தொழில் இருக்கிறது மகளே, நீ பிழைத்துக்கொள்வாய். அதற்கடுத்தவளுக்கும் அதே வார்த்தை, அதே தலையணை, அதே நூல். அவர் மனதில் கள்ளம் இல்லை. உண்மையான அன்போடுதான் சொன்னார். நான் சுவரோரம் பார்த்தேன். அந்த வார்த்தைகளை அவர் ஒவ்வொரு முறை சொல்லும்போதும் அம்மாவின் உதடுகளும் கூடவே அசைந்தன. சில இடத்தில் அவருக்கு முந்திக்கொண்டு அசைந்தன. தன் சின்ன வயதில் மனப்பாடம் செய்த வசனத்தை மறுபடி கேட்கிறவளைப்போல நின்றாள். ஜெபம் பண்ணுகிறாள் என்று நினைத்தேன். கற்றுக்கொடுக்க வேண்டிய நேரத்தில் கற்றுக்கொடுக்காமல் இப்போது ஜெபம் பண்ணி என்ன பிரயோஜனம் என்று எனக்கு இன்னும் கோபம் மூண்டது.

வரிசை முடிந்து துரைசாணியம்மா திரும்பி என்னிடம் வந்தார். "உன் ரேந்தை எங்கே?"

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா தலையைக் குனிந்துகொண்டு, "அவளுக்குத் தெரியாதும்மா" என்றாள்.

"இந்தச் சபையில் பேர்பெற்ற கை உன் கை. நீ ஏன் உன் மகளுக்குக் கற்றுக்கொடுக்கவில்லை?"

"சொல்லிக் குடுத்துப் பாத்தேம்மா. அவளுக்குக் கை வராது. பொறுமையும் இல்ல. ஒரு வேலையும் உருப்படியா செய்யமாட்டா."

கோயில் வராந்தாவில், ஊர்ப் பெண்கள் எல்லோருக்கும் முன்னால், என்னைப் பெற்றவள் வாய்கூசாமல் சொன்ன பொய் அது. உபதேசியார் மகள் என்னைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். விசிறிக் காம்பால் அடித்தது யார்? தலையணையைத் தொடவிடாமல் துரத்தியது யார்? எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தேன். எப்போது பக்கத்தில் வந்தாள் என்று தெரியவில்லை, அம்மா என் முழங்கைக்கு மேலே சதையைப் பிடித்துத் திருகினாள். கண்ணில் நீர் வந்துவிட்டது. திறந்த வாயை மூடிக்கொண்டேன்.

துரைசாணியம்மா பெருமூச்சுவிட்டார். அழுகிற என்னைப் பார்த்தார். "கைத்தொழில் ஒன்றும் இல்லாத பிள்ளையை என்ன செய்வது?" என்று பைபிளம்மாவிடம் கேட்டார். பிறகு தாமே, "படிக்கவாவது செய்யட்டும். இவளை போர்டிங்குக்கு எழுதிக்கொள்ளுங்கள்" என்றார்.

ஆக, எனக்கு இடம் கிடைத்தது. குடையும் ஒருநாள் கிடைத்துவிடும். ஆனால் எனக்குச் சந்தோஷம் வரவில்லை. எதற்கும் லாயக்கில்லாதவள் என்று ஊரறியச் சொல்லி, இரக்கப்பட்டுக் கொடுத்த இடம். என் இடியங்களுக்காக அல்ல, என் நாக்குக்காக அல்ல. வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அம்மாவோடு பேசவில்லை. அவளும் பேசச் சொல்லிக் கெஞ்சவில்லை. வழுக்கும் வரப்பில் என் தோளைப் பிடித்துக்கொண்டே வந்தாள். அதைக்கூட நான் உதறப் பார்த்தேன், அவள் விடவில்லை.

மாமா மட்டும் தரையில் கால் பாவாமல் நடந்தார். "பாத்தியா அக்கா, இடியம் வேலை செய்யுதுல்லா" என்றார்.

"ஆமாலே" என்றாள் அம்மா. "உனக்க இடியம்தான்."

மாமா சாகும்வரை அதையே சொல்லிக்கொண்டிருந்தார். பூனையும் நாயும் போட்டுத்தான் அவர் மருமகள் போர்டிங்கில் இடம் வாங்கினாள். அம்மா ஒருநாள்கூட அதை மறுத்துப் பேசியதில்லை. மாமாவுக்குக் கல்யாணமாகிப் பிள்ளைகள் பிறந்த பிறகு அவர்களும் கஞ்சிக்கு முன்னால் இடியம் சொன்னார்கள். அந்தப் பாவங்களை நினைத்தால் எனக்கு இப்போதும் மனம் ஆறவில்லை.

போர்டிங் திறந்த நாளில் மாமாதான் என்னைக் கூட்டிப்போனார். புறப்படும்போது அம்மா துணியில் சுற்றிய ஒரு பொதியைக் கையில் கொடுத்தாள். "அங்க போய்ப் பிரிச்சுப் பாரு மக்கா" என்றாள். தக்கலைவரை நடந்து பஸ் ஏறினோம். எனக்குப் பொறுக்கவில்லை, பஸ்ஸிலேயே பிரித்தேன். உள்ளே ஒரு வெள்ளைச் சட்டை. அதன் கழுத்தைச் சுற்றி ரேந்தை. எங்கள் வீட்டில் தங்கிய முதல் ரேந்தை அதுதான், எனக்கென்று அம்மா பின்னியது.

விரித்துப் பார்த்தேன். ஓரம் நேராகப் போகாமல் ஏறியும் இறங்கியும் போயிருந்தது. பூக்களில் ஒன்றுக்கு இதழ் குறைந்தது. ஒன்று பாதியிலேயே அடுத்த பூவுக்குள் போய்விட்டது. உபதேசியார் மகள் பார்த்தால் மறுபடியும் வாயைப் பொத்திச் சிரிப்பாள்.

"நல்லாத்தானே இருக்கு" என்றார் மாமா.

சீமையில் முகந்தெரியாதவர்களுக்கெல்லாம் வருஷக்கணக்காகப் பூவும் இலையுமாகப் பின்னி அனுப்பியவள், பெற்ற பெண்ணுக்கு என்று வந்தபோது இப்படியா அள்ளித் தெளிப்பாள்? லீவுக்குப் போனதும் முதல் வேலையாக இதைக் கேட்டுவிட வேண்டும் என்று முடிவுசெய்தேன். சட்டையைச் சுருட்டிப் பொதிக்குள் திணித்தேன். கேட்பதற்குத் தோதாக ஓர் இடியத்தையும் அர்த்தத்தோடு யோசித்து, நாகர்கோவில் வடசேரி வரும்வரை மனதுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். அந்தக் கோணல் அதைப் பின்னியவளின் கண்ணுக்குத் தெரிந்தே இருக்காது என்று எனக்குத் தோன்றவே இல்லை.